லுதிவினா தப்பித்துவிட்டாள்

எவுலாலியா புலாவோங் அந்தச் சிப்பாய்களை முதன்முதலில் பார்த்தபோது ஜப்பான்காரர்கள் என்றே நினைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மணிலாவை விட்டு ஓடிய அமெரிக்கர்கள் சோற்றுத் தட்டைக் கவிழ்த்தது போன்ற இரும்புத் தொப்பி போட்டிருந்தார்கள். இவர்கள் தலையில் இருந்ததோ ஆழமான பானை. முகமும் வெள்ளையாக இல்லை. மலேரியா மாத்திரை தின்று தின்று மஞ்சள் பூத்துக் கிடந்தது. அவள் சட்டென்று ஜன்னலை இழுத்து மூடினாள். அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை காலையில், மணிலாவின் வடக்குப் பகுதியான சம்பாலோக்கின் அந்தச் சின்னத் தெரு முழுக்க அப்படித்தான் மூடிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தது.

பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒருவன் இங்கிலீஷில் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். நான்காம் வகுப்பு வரை அமெரிக்க டீச்சரிடம் படித்தவள் அவள். அந்தச் சாதாரணமான, சோர்ந்துபோன கேள்வி காதில் விழுந்ததும், வந்திருப்பது அமெரிக்கர்கள்தான் என்று அவளுக்குப் புரிந்தது. கதவைத் திறந்தாள். எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. அடுத்த நிமிஷம் தெருவே வெளியில் வந்து விழுந்துவிட்டது.

வயிறு முதுகோடு ஒட்டிய ஜனம். மரவள்ளியும் கீரைத் தண்டும் தேங்காய்ப் பிண்ணாக்கும் தின்று உயிரைப் பிடித்துவைத்திருந்தவர்கள். அவர்களுக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மூலை வீட்டுப் பள்ளி ஆசிரியர் மெத்தையைக் கிழித்து உள்ளே தைத்து வைத்திருந்த கொடியை எடுத்தார். எவுலாலியாவின் புருஷன் கனோர், வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன், ஒரு டாங்கியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவன் குதிரை வண்டி ஓட்டியவன். குதிரையைப் போன வருஷம் ஜப்பான்காரர்கள் இறைச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் இன்று வந்தது.

எவுலாலியா உள்ளே ஓடினாள். சண்டைக்கு முன்னால் கோயில் வாசலில் புட்டோ விற்றவள் அவள். ஆவியில் வெந்த அவளுடைய அரிசிப் புட்டோவுக்காகப் பூசை முடிந்து வரிசையில் நிற்பார்கள். லாலியா அக்கா என்பதுபோல் ஆலிங் லாலியா என்றால் பக்கத்துத் தெருக்களிலும் தெரியும். ஈஸ்டருக்கென்று ஒளித்து வைத்திருந்த கடைசி அரிசிமாவை அன்று மொத்தமாகக் கொட்டி வேகவைத்தாள். சூடு ஆறுவதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் ஒன்று வைத்தாள். வேண்டாம் என்றவனையும் விடவில்லை. ஒரு கிழவர் அவளைப் பார்த்து, "ஆலிங், அவனுங்க நம்மளவிட நல்லாத்தான் தின்னிருக்கானுங்க, எனக்கொண்ணு குடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது தெற்கே புகை தெரிந்தது. பாசிக் ஆற்றுக்கு அந்தப் பக்கம். லுதி அங்கே இருந்தாள்.

லுதிவினா அவளுடைய ஒரே பிள்ளை. அதற்கு முன் இரண்டு பிறந்து தங்கவில்லை. பத்தொன்பது வயசு, கழுத்து நீளம், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள், முன்பல் ஒன்று சற்றே கோணல் என்பதால். டிசம்பரில் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியில்லாமல் போனபோது எவுலாலியாதான் அவளை ஆற்றுக்குத் தெற்கே சிங்காலோங்கில் இருந்த நாத்தனார் செபியாவிடம் அனுப்பினாள். செபியா ஒரு கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள்; அங்கே அரிசி இருந்தது. லுதிக்குப் போக மனசில்லை. நான் இங்கேயே கீரை தின்னுட்டு இருந்துக்கறேன், நானாய் என்று கெஞ்சினாள்; அவர்கள் பேச்சில் நானாய் என்றால் அம்மா. எவுலாலியா அதட்டித்தான் அனுப்பிவைத்தாள். பாலத்தின் பாதியில் நின்று மகள் திரும்பிப் பார்த்துக் கையசைத்ததைப் பார்த்துவிட்டு, பசியில்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது அந்தப் பாலம் இல்லை. பின்வாங்கிய ஜப்பான்காரர்கள் வெடி வைக்க, ஆற்றின் மேலிருந்த பாலங்கள் ஒவ்வொன்றாக வெடித்து விழுந்தன. இந்தப் பக்கம் விடுதலை, அந்தப் பக்கம் நெருப்பு என்று ஊர் இரண்டாகப் பிளந்தது.

சில நாளில் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் பீரங்கிகள் வந்து இறங்கின. பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழாய்க்குள் தலையே போகும் என்று சொன்னார்கள். பீரங்கிக்காரர்களுக்குத் துணி துவைக்க ஆள் வேண்டியிருந்தது. எவுலாலியா போனாள். கூலியாக டின் இறைச்சியும் சோப்பும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து நல்ல சோப்பின் நுரையில் கை வைத்தபோது அவளுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் வெர்னன் ஹாஸ்கின்ஸ் என்று ஒருவன். ஒஹையோவில் மாட்டுப் பண்ணை வைத்த குடும்பம். காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும். மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. அவள் வாயில் அவன் பெயர் பெர்னான் ஆயிற்று. அவனும் திருத்தவில்லை, அவளை மாமா என்று கூப்பிட்டான். அவன் ஊரில் அம்மாவுக்கு அதுதான் சொல். துணி வாங்க வரும்போதெல்லாம் தொட்டித் தண்ணீரைத் தூக்கிக் கொடுப்பான். எங்க வீட்டிலயும் இது என் வேலைதான் என்பான்.

முதல் குண்டு போனபோது வீட்டு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்திருந்த சிப்பிச் சில்லுகள் கிலுகிலுவென்று நடுங்கின. அதற்கப்புறம் நிற்கவேயில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கைதட்டினார்கள். ஜப்பான்காரனுக்கு ஒன்று, இன்னொன்று என்று எண்ணிச் சொன்னார்கள். எவுலாலியா முதல் நாள் அவர்களோடு சேர்ந்து தட்டினாள். மறுநாள் தட்டவில்லை. குண்டு கிளம்புகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு இடைவெளி. பிறகு தெற்கே பொத்தென்று ஒரு சத்தம். அந்த இடைவெளியில் துவைக்கிற துணியை அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கேட்காதே என்று கனோர் சொல்லியிருந்தான். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டாள். வெர்னன் பெட்டிமேல் உட்கார்ந்து டின்னைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பெர்னான், இதெல்லாம் எங்க போய் விழுது?"

"ஜப்பான்காரங்க இருக்கற எடத்துல, மாமா."

"அது எந்த எடம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"சிங்காலோங்கும் ஆத்துக்கு அந்தப் பக்கந்தான். எம் பொண்ணு அங்க இருக்கா."

அவன் சுரண்டுவதை நிறுத்தினான். எங்களுக்குத் தெரியாது என்றான். டெலிபோனில் எண் சொல்வார்கள், அந்த எண்ணுக்குக் குழாயைத் திருப்பி வைப்போம், சுடுவோம், எங்கே விழுகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை என்றான். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி இல்லை, வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரியாதவன் மாதிரி சொன்னான். பிறகு, "அவ பேரு என்ன?" என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். யாரோ கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான். அவள் வீட்டு வாசலை அடைவதற்குள் பீரங்கி மறுபடி அதிர்ந்தது.

அதிலிருந்து தினமும் அவன் முதலில் கேட்கிற கேள்வி லுதி பற்றித்தான். ஏதாவது தெரிந்ததா மாமா என்பான். ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்கள் சிலர் கோயில் வளாகத்தில் கிடந்தார்கள். அவள் ஒவ்வொருவராகப் போய் விசாரித்தாள். ஜப்பான்காரர்கள் வீடு வீடாக ஜனங்களை அடைத்து வைத்துக் கொல்கிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். இந்தப் பக்கத்துக் குண்டும் எங்கள் தலையில்தான் விழுகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எவுலாலியா மாதா சிலை முன்னால் மண்டியிட்டாள். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. சுடு என்று வேண்ட வாய் வரவில்லை. நிறுத்து என்று வேண்டினால் அந்தப் பாவிகள் கையில் பெண்ணைக் கொடுத்தது போலாகும். வெறும் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வந்து அந்தப் பையன்களின் சட்டையைத் துவைத்தாள். வெடிமருந்து வாடை கொண்ட தண்ணீர் கறுப்பாக ஓடியது.

மாதம் முடியப்போகும்போது பீரங்கிகள் ஓய்ந்தன. கனோரும் அவளும் படகில் ஆற்றைக் கடந்தார்கள்.

முப்பது வருஷம் அந்த ஊரில் வண்டி ஓட்டிய கனோருக்கு வழி தெரியவில்லை. தெரு எது, வீடு எது என்று இல்லாமல் எல்லாம் ஒரே கல்குவியல். நின்ற இடத்திலிருந்து கடல் தெரிந்தது. அங்கிருந்து எந்தக் காலத்திலும் கடல் தெரிந்ததில்லை. வாடையைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் பேசவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மடத்தின் மணிக்கூண்டு என்று நினைத்த ஒரு மொட்டைத் தூணை நோக்கி நடந்தார்கள். மடத்துக்காரர்கள் உயிரோடிருந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தின் மிச்சத்தில் வைத்திருந்தார்கள். அங்கே செபியா இருந்தாள். தலை முடி ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. ஒரு காது செத்துப் போயிருந்தது. அதனால் கத்திப் பேசினாள்.

ஜப்பான்காரர்கள் தெரு ஜனத்தையெல்லாம் ஒரு பெரிய வீட்டுக்குள் ஓட்டி அடைத்தார்கள் என்றாள். வாசலில் பெட்ரோல் டின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பெண்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது வடக்கிலிருந்து ஒரு குண்டு வந்து மதில்மேல் விழுந்தது. காவல் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். மதில் பிளந்த வழியாக இவர்கள் ஓடினார்கள். லுதி செபியாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தெருவுக்கு வந்துட்டோம் அண்ணி. வெளிய வந்துட்டோம். அவ சிரிச்சா. அத்தை, நாம தப்பிச்சுட்டோம்னு சொன்னா. அப்பதான் ரெண்டாவது குண்டு வந்துது."

கனோர், "எந்தப் பக்கத்துலேருந்து?" என்று கேட்டான்.

"அதே பக்கந்தான் அண்ணா. மொதக் குண்டு வந்த அதே பக்கம். அது வரலேன்னா நாங்க யாருமே இல்ல."

புதைத்த இடத்தைக் காட்டினார்கள். பதுங்கு குழியாகத் தோண்டியிருந்த பள்ளத்தில் பலரைச் சேர்த்து மூடியிருந்தார்கள். எவுலாலியா அந்த மண்ணின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். மகள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எங்கே கை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். திரும்பும்போது செபியாவை அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

பீரங்கிப் படை வடக்கே மலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வெர்னன் வந்தான். லாரி தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு கையிலும் டின்களைச் சுமந்துகொண்டு வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்தான். கேட்கப் பயந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பயந்துகொண்டே கேட்டான்.

"மாமா, லுதி?"

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. விடைத்த காதுகளுக்குப் பின்னால் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளே கனோர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"தப்பிச்சுட்டா பெர்னான்," என்றாள். "பத்தாங்காஸ்ல எங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டா. நல்லா இருக்கா."

அவன் டின்களைக் கீழே வைத்தான். உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிறகு எழுந்து அவள் கையை எடுத்து, பெரியவர்களிடம் இந்த ஊர்ப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்த மாதிரி, தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். லாரி கிளம்பியது. பின்னாலிருந்து அவன் கையாட்டிக்கொண்டே போனான். தெருப் பெண்களும் ஆட்டினார்கள்.

மாலை விளக்கேற்றியபோது கனோர் சொன்னான்.

"அவன் நிம்மதியாத் தூங்கறதுக்கு எம் பொண்ணு பேருதான் கெடச்சுதா ஒனக்கு?"

"செத்துட்டான்னு சொல்ல வாய் வரல."

"எனக்கு மட்டும் வருதா? செபியாவுக்கு வருதா?"

"ஒருத்தன் மனசுலயாவது அவ இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள். "பத்தாங்காஸ்ல, எங்கயாவது, சாப்பிட்டுக்கிட்டு."

அவன் எழுந்து வெளியே போனான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாக இருந்தார்கள். அந்த டின் இறைச்சியை அவன் தொடவில்லை. அவள் வைக்கும் கஞ்சியைக் கூட முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தான். செபியா இருவருக்கும் நடுவில் தன் உரத்த குரலில் ஏதாவது பேசி வீட்டை நிரப்பப் பார்ப்பாள்.

எவுலாலியாவோ ரகசியமாக ஒரு பழக்கத்துக்கு ஆளானாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பத்தாங்காஸ் மகளை நினைப்பாள். இப்போது காப்பித் தோட்டத்தில் இருப்பாள், தலையில் துணி கட்டியிருப்பாள், யாரோ கேலி பேச வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள் என்று. பள்ளத்தில் கிடக்கும் மகளுக்கு முகமே வரவில்லை. இந்த மகளுக்கு நாளுக்கு நாள் முகம் தெளிந்தது. உலகத்தில் இன்னொருவனும் இப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதால் அது முழுப் பொய் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மழைக்காலம் தொடங்கி, ஜப்பான் சரணடைந்த பிறகு ஒரு பகலில் வெர்னனோடு இருந்த தடித்த சிப்பாய் ஒருவன் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தான். கார்ல் என்று பெயர். ஊருக்குத் திரும்பும் கப்பலுக்காக மணிலாவில் காத்திருந்தான். உட்காரச் சொன்னாள். வெர்னன் இறந்துவிட்டான் என்றான். ஏப்ரலில், வடக்கே மலைமேலிருந்த பாகியோ ஊரைப் பிடித்து இரண்டொரு நாளில், மலைப்பாதையில் கண்ணிவெடி. உடனே முடிந்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றான்.

பத்தாங்காஸில் காப்பித் தோட்டத்தில் நின்றிருந்த பெண் அந்த நொடியில் இல்லாமல் போனாள். எவுலாலியா அந்த முகத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை.

கார்ல் நல்லது சொல்வதாக நினைத்து மேலே பேசினான்.

"உங்க பொண்ணப் பத்தி அடிக்கடி சொல்லுவான்மா. பாகியோ ஊருக்குள்ள சுடச் சொன்னப்போ எங்கள்ல சில பேருக்குக் கையே வரல. ஜனங்க இருப்பாங்களேன்னு. அப்ப அவன்தான் சொன்னான். மணிலாவுல இத்தன சுட்டோம், லுதி தப்பிச்சுட்டா இல்ல, அந்த மாதிரி இவங்களும் தப்பிச்சுருவாங்கன்னு. அதக் கேட்டு எங்களுக்கும் தைரியம் வந்துது."

அவள் தலையாட்டினாள். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் போனான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஈரம் காயும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனோர் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். இப்போது சொல்லுவான், நான் அன்றைக்கே சொன்னேனே என்று இப்போது சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அடுப்பண்டை வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினான். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான். இருவரும் ஒன்றாகக் குடித்தார்கள். அதைப் பற்றி அவன் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் மறுபடியும் கோயில் வாசலில் புட்டோ விற்கத் தொடங்கினாள். ஊர் மெல்ல எழுந்தது. விடுதலையைக் கொண்டாட ஒவ்வொரு பிப்ரவரியிலும் கொடியும் பாண்டு வாத்தியமும் வரும். அவள் போய் நிற்பாள், கூப்பிட்டவர்களோடு சேர்ந்து கையும் தட்டுவாள். செத்தவர்களை நினைக்கும் நவம்பர் நாளில் கனோர் வாங்கி வரும் மெழுகுவர்த்திகளில் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், மகளுடையதற்குக் கொஞ்சம் தள்ளி ஏற்றுவாள். பெர்னானுக்கு என்று செபியாவிடம் மட்டும் சொன்னாள். செபியா கேட்காத காதைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் அவளிடம் புட்டோ வாங்குகிறவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். புதுமுகம் யாராவது வந்தால் எந்த ஊர் என்று கேட்பாள். பாகியோ என்று சொல்லிவிட்டால் காசு வாங்க மாட்டாள். முதலில் சூடான புட்டோவை வாழை இலையில் வைத்துக் கொடுப்பாள். தேங்காய்த் துருவலைக் கூடுதலாகத் தூவுவாள். பிறகு, சண்டை நடந்தபோது அங்கேதான் இருந்தீர்களா என்பாள். எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர் என்பாள். சிலர் எரிச்சலோடு போய்விடுவார்கள். சிலர் அழுதார்கள்; அவர்களைத் தன் முக்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நிற்பாள்.

பல வருஷம் கழித்து, தலை முழுக்க நரைத்த பின்னால், ஒரு வெள்ளிக்கிழமை பாகியோவிலிருந்து ஒரு தாயும் வளர்ந்த மகனும் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு எவுலாலியாவின் வயசுதான் இருக்கும். எவுலாலியா வழக்கம்போல் கேட்டாள். சந்தைக்குப் பக்கத்துத் தெரு என்றாள் அந்த அம்மாள். குண்டு விழுந்ததா என்று எவுலாலியா கேட்டாள். விழுந்தது என்றாள்.

"வீட்டுல எல்லாரும்?"

அந்த அம்மாள் இலையிலிருந்து புட்டோவைப் பிட்டு மகன் கையில் வைத்தாள். எவுலாலியாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாரும் தப்பிச்சுட்டோம் ஆலிங்," என்றாள். "நல்லா இருக்கோம்."

எவுலாலியா நன்றி சொன்னாள். அவர்கள் படியிறங்கிக் கூட்டத்தில் கலந்தார்கள். அந்தக் குரல் எப்படிப்பட்ட குரல் என்று அவளுக்குத் தெரியும். அதே வார்த்தையை அவளே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். உண்மையா என்று ஓடிப்போய்க் கேட்டுவிடலாம். தாயின் முக்காட்டுத் துணி இன்னும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ஆவிச்சட்டியின் மூடியைத் திறந்து, வெந்துவிட்டதா என்று பார்த்தாள்.